மார்பகக் கட்டி அறிக்கையின் நான்கு வரிகள்

நோய்க்குறியியல் மருத்துவராக நான் பணியாற்றுவதை அறிந்தவர்களிடமிருந்து மாதத்திற்கு நான்கைந்து முறையாவது ஒரே மாதிரியான செய்தி வந்துவிடுகிறது. ஓர் அறிக்கையின் புகைப்படம், அதன் கீழே ஒற்றைக் கேள்வி: "இது நல்லதா, கெட்டதா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஈஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67 என்ற நான்கு வரிகளும் அவற்றின் எதிரே சில எண்களும் கூட்டல் குறிகளும் இருக்கும். அறிக்கையின் மேற்பாதி பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. கட்டி எத்தனை சென்டிமீட்டர், அதன் தரநிலை என்ன, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களில் எத்தனைக்கு நோய் பரவியிருக்கிறது என்பவையெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்வதில் அவற்றுக்கு உள்ள எடை இன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் புரியாத சொற்கள் கீழ்ப்பாதியில் இருப்பதால் பயமும் அங்கேயே போய் நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிட, அந்த நான்கு வரிகள் எப்படி உருவாகின்றன, எதைச் சொல்கின்றன என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தகட்டிலிருந்து தொடங்குகிறேன். கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட திசு ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு தடிமனுள்ள சீவலாக வெட்டப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏறுகிறது. தேடப்படும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, அது ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும்படி ஒரு வேதிவினையை நடத்தி, மற்றச் செல்களுக்கு வெளிர்நீலச் சாயம் ஏற்றுவதுதான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற நீண்ட பெயர் கொண்ட முறை; ஆய்வகத்தில் நாங்கள் ஐஎச்சி என்று சொல்லிவிட்டுப் போவோம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள், அதாவது ஈஆரும் பிஆரும், செல்லின் உட்கருவில் இருப்பவை என்பதால் நுண்ணோக்கியில் பழுப்பு உருண்டைகளாகத் தெரிகின்றன. ஹெர்-2 செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருந்து அதை வளரத் தூண்டும் ஏற்பிப் புரதம். அது மிகுதியாக உள்ள கட்டியில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் அழுத்தமான பழுப்புக் கோடு இடைவெளியில்லாமல் ஓடுவதால், தேனடையை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். அதைத்தான் 3+ என்று எழுதுகிறோம். 2+ என்பது முடிவு சொல்ல முடியாத நிலை. அப்போது ஹெர்-2 மரபணுவின் படிகளை நேரடியாக எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் என்ற சோதனைக்குத் திசுவை அனுப்புகிறோம்.

இத்தனையும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, மனத்தால் மதிப்பிட்டு எழுதுவது. அச்சிட்ட எண்ணாக வெளிவருவதால் சர்க்கரைப் பரிசோதனையைப்போல் இயந்திரம் அளந்து தந்ததாகப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சாயம் ஏறுவதற்கு முன்பே பிழை நேர வழி உண்டு என்பதை நான் பயிற்சிக் காலத்திலேயே கற்றுக்கொண்டேன். வேறோர் இடத்திலிருந்து மறுபரிசீலனைக்கு வந்திருந்த ஒரு தகட்டில் ஈஆர் சுழியம் என்று முதல் அறிக்கை சொல்லியிருந்தது. கட்டிச் செல்களில் உண்மையிலேயே பழுப்பு இல்லைதான். ஆனால் என் ஆசிரியர் கட்டியை விட்டுவிட்டுத் தகட்டின் ஓரத்தில் இருந்த இயல்பான பால்நாளங்களின்மேல் நுண்ணோக்கியை நகர்த்தினார். இயல்பான நாளச் செல்கள் சிலவற்றிலாவது ஈஆர் இருக்க வேண்டும். அங்கேயும் ஒரு துளி பழுப்பு இல்லை. அறுத்தெடுத்த மார்பகத்தைக் குறுக்கே வெட்டாமல் முழுதாகவே ஃபார்மலினில் போட்டு இரவெல்லாம் வைத்திருந்திருக்கிறார்கள். திரவம் வெளிப்புறத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். அது நடுவில் இருந்த கட்டியை எட்டுவதற்குள் புரதம் சிதைந்துவிட்டது. நல்லவேளையாக அறுவைக்கு முன் ஊசியால் எடுத்த மெல்லிய திசு பாதுகாக்கப்பட்டிருந்தது. அதில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலான உட்கருக்கள் பளிச்சென்று பழுப்பேறின. திசுவை எடுத்த ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலினில் இட வேண்டும், 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊறவைக்க வேண்டும் என்று இன்றைய நெறிமுறைகள் கறாராகச் சொல்வது இதனால்தான்.

ஒரு தகட்டில் நேர்ந்த பிழை இது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளை மறுபடி சரிபார்த்தபோது ஏறத்தாழ 400 பேரின் முடிவுகள் தவறாக இருந்தது தெரியவந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2009இல் வெளியானது. ஈஆர் இல்லை என்று தவறாக எழுதப்பட்ட ஒரு பெண் அதனால் எதை இழக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் புரதத்தின் கதைக்குச் சற்றுப் பின்னே போக வேண்டும்.

1896இல் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட இளம்பெண்களுக்குச் சினைப்பைகளை அகற்றியதும் கட்டி சுருங்கியதை எழுதி வெளியிட்டார். பின்னர் பலரும் அதைச் செய்து பார்த்தபோது சிலருக்கு மட்டுமே பலன் கிடைத்தது. யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது: ஏற்பி இருக்கும் கட்டிதான் ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்கிறது, ஈஸ்ட்ரோஜனை விலக்கினால் அதுதான் வாடும். அந்த ஏற்பியை அடைத்துக்கொள்ளும் டாமாக்ஸிஃபென் மாத்திரை 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான பகுப்பாய்வின்படி, ஈஆர் உள்ள கட்டி கொண்ட பெண்கள் ஏறத்தாழ 5 ஆண்டுகள் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டபோது, முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஈஆர் இல்லாதவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. எனவே தகட்டில் பழுப்பு ஏறாமல் போனால் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று, பல ஆண்டு மருத்துவத்தையே.

எத்தனை விழுக்காடு உட்கருக்கள் பழுப்பேறினால் "உண்டு" என்று எழுதுவது என்பதும் காலத்தோடு மாறியது. முன்பு பல இடங்களில் 10 விழுக்காடு எல்லையாக இருந்தது. 2010இல் அமெரிக்க நெறிமுறை அதை 1 விழுக்காடாக இறக்கியது. 1 முதல் 10 விழுக்காடு வரை உள்ளவற்றைக் "குறைந்த ஈஆர்" என்று தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2020இல் திருத்தியது. அந்தக் குறைந்த பிரிவில் பல கட்டிகள் ஈஆர் இல்லாத கட்டிகளைப் போலவே நடந்துகொள்கின்றன. பிஆருக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை: ஈஆர் வேலை செய்வதன் விளைவாகவே அது உருவாகிறது, எனவே ஈஆர் இருந்தும் பிஆர் மிகக் குறைவாக இருந்தால் நோயின் போக்கு சற்று மோசமாக இருக்கக்கூடும் என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம்.

"நல்லதா கெட்டதா" என்ற கேள்வி எங்கே தடுமாறுகிறது என்பதை ஹெர்-2 அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை. டென்னிஸ் ஸ்லாமனும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் 189 கட்டிகளைச் சோதித்து, அவற்றில் 30 விழுக்காட்டில் ஹெர்-2 மரபணு பல மடங்கு பெருகியிருப்பதையும், அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பி ஆயுள் குறைவதையும் காட்டினார்கள். (இன்று எல்லா மார்பகப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அது 15 முதல் 20 விழுக்காடு என்றே கணக்கிடப்படுகிறது.) நான் படித்த பழைய பாடநூல்களில் ஹெர்-2 என்றாலே இருண்ட செய்திதான். பிறகு அதே புரதத்தைச் செல்லின் வெளிப்புறத்திலேயே போய்ப் பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் வந்தது. அறுவைக்குப் பின் கீமோதெரபியோடு அதைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005இல் பெரிய ஆய்வுகள் காட்டின. புரதம் மாறவில்லை, பழுப்புக் கோடு மாறவில்லை. 1987இல் கெட்ட செய்தியாக இருந்த அதே 3+ இருபது ஆண்டுகளுக்குள் ஒரு மருந்துக்கான சீட்டாகிவிட்டது.

அதனால்தான் நோயைப் பற்றித் துப்புத் தரும் இத்தகைய புரதங்களை, அதாவது குறிப்பான்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைக்கிறோம். மருத்துவம் எதுவும் செய்யாவிட்டாலும், அல்லது எல்லோருக்கும் ஒரே மருத்துவம் செய்தாலும், இந்த நோய் எப்படிப் போகும் என்பது ஒன்று. இந்த மருந்தைக் கொடுத்தால் இந்தக் கட்டி அதற்குப் பணியுமா என்பது மற்றொன்று. ஈஆரும் ஹெர்-2ம் இரண்டுக்குமே பதில் சொல்கின்றன, ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது இரண்டாவது பதில்தான். இணையத்தில் "ஹெர்-2 பாசிட்டிவ், ஆயுள்" என்று தேடிக் கலங்கிப்போய் வருபவர்கள் முதல் கேள்விக்கான பழைய பதிலைப் படித்துவிட்டு வருகிறார்கள். அந்தப் புள்ளிவிவரங்கள் எந்த ஆண்டில் எந்த மருந்து கிடைத்த பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது கேள்வியும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. பல ஆண்டுகளாக ஹெர்-2 அறிக்கையில் 0 என்று எழுதினாலும் 1+ என்று எழுதினாலும் ஒன்றுதான். இரண்டுமே "இல்லை" என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும். ஆகவே அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய வேறுபாட்டை உற்றுப்பார்க்க எங்களில் பலர் மெனக்கெட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன், நானும்தான். 2022இல், 1+ உள்ளவர்களுக்கும், மரபணு பெருகவில்லை என்று ஃபிஷ் சோதனை சொன்ன 2+ உள்ளவர்களுக்கும், நோய் பரவிய நிலையில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற மருந்து ஆயுளை நீட்டுகிறது என்று ஆய்வு வெளியானது. அன்றிலிருந்து 0 எது, 1+ எது என்ற கேள்வி ஒரு நோயாளிக்கு மருந்து கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கும் கேள்வியாகிவிட்டது. பழைய பாரஃபின் கட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லிப் புற்றுநோய் மருத்துவர்கள் அனுப்பும் வேண்டுகோள்கள் குவிந்தன. அன்று எழுதிய 0க்களில் சில இன்று பார்க்கும்போது 1+ ஆகின்றன. அன்று அது பிழையாக இல்லை. கேள்வியே வேறாக இருந்தது.

நான்காவது வரி எனக்கு மிகவும் தொல்லை கொடுப்பது. கேஐ-67 என்பது பிளவுபடத் தயாராகும் செல்களின் உட்கருவில் மட்டும் காணப்பட்டு, ஓய்வில் இருக்கும் செல்களில் மறைந்துவிடும் புரதம். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் அதைக் கண்டறியும் எதிர்ப்பொருள் உருவானது. பெயரின் முதல் பாதி அந்த ஊரைக் குறிப்பது. எத்தனை விழுக்காடு செல்கள் பழுப்பேறியிருக்கின்றன என்பது கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு ஓரளவு அடையாளம். சொல்ல எளிது, எண்ணுவதுதான் சிக்கல். கட்டியின் விளிம்பில் ஓரிடத்தில் பழுப்பு கொத்தாகக் குவிந்திருக்கும், நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கொத்தை எண்ணுவதா, சராசரி பார்ப்பதா, வெளிறிய பழுப்பைச் சேர்ப்பதா விடுவதா? ஒருமுறை நானும் உடன் பணிபுரியும் மருத்துவரும் ஒரே தகட்டைத் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 16 வந்தது, அவருக்கு 24. இருவருமே ஐந்நூறு செல்களுக்குக் குறையாமல் எண்ணியிருந்தோம், இருவருமே தவறு செய்யவில்லை. அவர் கொத்திலிருந்து தொடங்கினார், நான் தொடங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகம் எல்லை வகுத்ததும் அந்த 16ஐயும் 24ஐயும் ஒட்டித்தான். 2011இல் 14 விழுக்காடு என்றார்கள், பின்னர் 20 விழுக்காட்டை ஒட்டிப் பேசினார்கள். 2021 அக்டோபரில் அபெமாசிக்லிப் என்ற மருந்துக்கு, நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த ஈஆர் உள்ள தொடக்கநிலை நோயாளிகளில் கேஐ-67 அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாதவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 2023 மார்ச்சில் அந்த நிபந்தனையையே நீக்கிவிட்டது. கேஐ-67 அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கேஐ-67 குறைவாக இருந்தவர்களுக்கும் மருந்தின் பயன் கிடைத்தது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இந்தப் புரதத்தைப் பற்றி ஆராயும் பன்னாட்டுக் குழு, 5 விழுக்காடும் அதற்குக் கீழும், 30 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள அளவுகளை மட்டும் நோய்ப்போக்கைக் கணிக்க நம்பலாம் என்கிறது. இடைப்பட்ட எண்ணைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வேன்.

தனித்தனியாகத் தடுமாறும் இந்த நால்வரும் சேர்ந்து நின்றால் வலுவாகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு சோதனைகளின் அளவுகளையும் ஒரு சூத்திரத்தில் சேர்த்தால், 21 மரபணுக்களை அளக்கும் விலையுயர்ந்த ஆன்கோடைப் சோதனை தரும் அளவுக்கு ஒப்பான தகவலைத் தரக்கூடும் என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. சோதனைகள் தரமாகச் செய்யப்பட்டிருந்தால் என்ற நிபந்தனை அதில் உண்டு. அந்த மரபணுச் சோதனையே 2018இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் வழியாக, கணுக்களுக்குப் பரவாத, ஈஆர் உள்ள, ஹெர்-2 இல்லாத நோயில் நடுத்தர மதிப்பெண் பெற்ற பெரும்பாலோருக்குக் கீமோதெரபி தேவையில்லை என்று காட்டிப் பலரை அதிலிருந்து விடுவித்தது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மட்டும் சிலருக்குப் பயன் இருந்தது.

ஈஆர், பிஆர், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டிகள் மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு. அவற்றில் நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் திரும்பும், அதன் பிறகு ஆபத்து வேகமாகக் குறையும். அங்கே தொடக்கத்தில் எடுத்த எந்தப் புரதத்தின் அளவையும்விட அதிகமாகப் பேசுவது, அறுவைக்கு முன் கொடுத்த சிகிச்சைக்குப் பிறகு கட்டி முற்றிலும் மறைந்ததா, மிச்சம் இருக்கிறதா என்பதுதான்.

சில குறிப்பான்கள் வந்த வழியே போய்விட்டன. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கதெப்சின்-டி என்ற நொதியைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதில் அது மறக்கப்பட்டது. அதைவிட வருத்தம் தருவது யூபிஏ, பாய்-1 என்ற இரட்டைப் புரதங்களின் கதை. கணுக்களுக்குப் பரவாத நோயில் யாருக்கு ஆபத்து குறைவு என்று சொல்வதில் அவற்றுக்கு மிக உயர்ந்த தரத்தில் சான்று இருக்கிறது. ஆனால் அவற்றை அளக்க, ஃபார்மலின் படாத, உடனே உறையவைத்த புதுத் திசு வேண்டும். அன்றாடம் அதைச் சேகரித்துப் பாதுகாக்கும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லாததால் நல்ல சான்று இருந்தும் பயன்பாட்டுக்கு வரவில்லை. நன்றாகக் கணிப்பது மட்டும் போதாது, மெழுகுக் கட்டையில் பிழைத்திருக்கவும் வேண்டும்.

ரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3 வேறு கதை. கட்டிச் செல்களிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. தொடக்கநிலை நோயில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் உயரும். நோய் பரவியவர்களுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று மற்றச் சோதனைகளோடு சேர்த்துப் பார்க்க அது உதவும். சிகிச்சை முடிந்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் அதை வழக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் அறிவுறுத்துகிறது. எண் சற்று ஏறினால் அடுத்த சோதனை வரை நிம்மதி போய்விடும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஈஆர் உள்ள நோய் "நல்ல" வகை என்று சொல்லித் தேற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 5 ஆண்டு ஹார்மோன் சிகிச்சையை முடித்து நோயின்றி இருந்த 62,923 பெண்களின் விவரங்களை வைத்து 2017இல் வெளியான பகுப்பாய்வில், அதன் பிறகும் 20ஆம் ஆண்டு வரை நோய் உடலின் வேறிடத்தில் தலைகாட்டுவது நிற்காமல் நடந்துகொண்டே இருந்தது தெரிந்தது. கட்டி சிறியதாகவும் கணுக்களில் நோய் இல்லாமலும் இருந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளில் 13 விழுக்காடு. கட்டி பெரியதாகவும் நான்கு முதல் ஒன்பது கணுக்களில் நோயும் இருந்தவர்களுக்கு 41 விழுக்காடு. அந்த வேறுபாட்டைத் தீர்மானித்தவை, புகைப்படத்தில் இடம்பெறாத மேற்பாதி வரிகள்.

என் சித்திக்கு 2004இல் கட்டி எடுத்தார்கள். ஈஆர், பிஆர் இரண்டும் இருந்தன, ஹெர்-2 இல்லை, இரண்டு கணுக்களில் நோய். 5 ஆண்டுகள் டாமாக்ஸிஃபென் எடுத்துக்கொண்டார், ஒரு நாளும் தவறியதில்லை. 2018இல் முதுகுவலி என்று ஆரம்பித்து இடுப்பெலும்பில் கொண்டுபோய் நிறுத்தியது. எலும்பிலிருந்து ஊசியால் திசு எடுத்தார்கள். திரும்பி வந்த நோயில் ஏற்பிகள் மாறியிருக்கக்கூடும் என்பதால் முடிந்தபோதெல்லாம் மறுபடி எடுத்துச் சோதிப்பதுதான் முறை. எலும்புத் திசுவின் சுண்ணாம்பை அகற்ற அமிலத்தைப் பயன்படுத்தினால் புரதங்கள் கெடும் என்பதால், சுண்ணாம்பில்லாத மென்மையான துணுக்கைத் தனியே பிரித்துப் பதிக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். உறவினரின் அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை. வேறொருவர் எழுதிய பிறகு, பழைய கட்டையிலிருந்து வெட்டிய தகட்டையும் புதிய தகட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டேன். பழையதில் பத்தில் ஒன்பது உட்கருக்கள் அழுத்தமான பழுப்பு. புதியதில் ஈஆர் சற்று வெளிறி, ஆனால் எங்கும் இருந்தது. பிஆர் மட்டும் அடியோடு போயிருந்தது.

மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "பதினாலு வருஷம் கழிச்சும் அதேதானா பாப்பா?" என்று கேட்டார். அதேதான், கொஞ்சம் மாறியிருக்கிறது என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து, அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "அப்ப அது மாத்திரைக்கு இன்னும் கட்டுப்படுமா?" என்றார். கட்டுப்படும் சித்தி, இந்த முறை வேறு மாத்திரை, கூடவே இன்னொன்றும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்றேன். அடுத்த வாரம் லெட்ரோசோலும் பால்போசிக்லிப்பும் தொடங்கினார்கள்.